ஒருசந்தியும் நோன்புக் கஞ்சியும்: அம்பாறைக் கரையோரத்தில் தவக்காலப் பசி

1. கேள்வி

றமழான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்வது. தவக்காலமோ உயிர்த்த ஞாயிறைப் பின்பற்றி மாசிக்கும் சித்திரைத் தொடக்கத்துக்கும் இடையிலேயே நிற்பது. இரண்டும் சந்திக்கும் காலம் முப்பது ஆண்டுகளுக்கு மேலான சுற்றில் ஒருமுறை வருவது. 1990களின் முற்பகுதியில் அவை சேர்ந்து வந்தன. பிறகு 2022 முதல் 2027 வரை, ஆண்டுதோறும் சில நாட்களேனும் இரண்டு நோன்புகளும் கூடி வருகின்றன. 2026இல் சாம்பல் புதன் பெப்ரவரி 18. றமழானின் தொடக்கமும் அந்த நாளை ஒட்டியே.

இலங்கையில் இந்தச் சந்திப்பின் பொருளை ஆராய அம்பாறைக் கரையோரம் பொருத்தமான இடம். பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் மாறிமாறி வருகின்றன. எல்லோருக்கும் தமிழே தாய்மொழி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 6.5 இலட்சம். அதில் முஸ்லிம்கள் 43% அளவு, எல்லாச் சபைகளையும் சேர்ந்த கிறிஸ்தவர்கள் 2% அளவு. ஆகவே இங்குள்ள ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் தவக்காலத்தை, விடியலிலிருந்து அந்திவரை தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருக்கும் அயலவர்களின் நடுவில் அனுசரிக்கிறது.

இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி ஒன்றே. உடலின் பசி பெரும்பாலும் விலகிவிட்ட இன்றைய தவக்காலத்தில், ஆன்மப் பசி என்று நாம் சொல்வது எதை? சட்டத்தின் வரலாறு, இறையியல் விளக்கங்கள், இந்தக் கரையோரத்தின் வாழ்வு ஆகிய மூன்றையும் வைத்து இதை ஆராய்கிறேன்.

2. மூன்று சொற்கள்

தமிழ்க் கிறிஸ்தவம் உண்ணாமையைக் குறிக்க மூன்று சொற்களைக் கையாண்டு வந்திருக்கிறது. பழைய கத்தோலிக்க மறைக்கல்வியின் சொல் ஒருசந்தி. நாளில் ஒரு பொழுது மட்டும் உண்பது என்பது அதன் பொருள். இறைச்சி விலக்கி உண்பதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். பாட்டிமார் இன்றும் இந்த இரண்டையும் பிரித்தே சொல்வார்கள்: “சாம்பல் புதன் ஒருசந்தி, மற்ற வெள்ளி சுத்தபோசனம்.”

புரட்டஸ்தாந்து சபைகளின் சொல் உபவாசம். வடமொழியில் அதன் வேர்ப்பொருள் அருகே தங்குதல். உணவைப் பற்றி அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. யாருக்கு அருகே இருக்கிறோம் என்பதே அதன் கவலை. உபவாச ஜெபம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும் வழக்கம் இந்தப் பொருளைக் காப்பாற்றி வருகிறது.

மூன்றாவது நோன்பு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். சமணரும் வைணவரும் சைவரும் புழங்கிய பழந்தமிழ்ச் சொல் இது. கிழக்கின் முஸ்லிம்கள் தங்கள் வாழ்வின் நடுவே வைத்திருப்பதும் இதே சொல்லைத்தான். நோன்பு பிடித்தல், நோன்பு திறத்தல், நோன்புப் பெருநாள் என்று அதைச் சுற்றி ஒரு மாதமே இயங்குகிறது. தவக்கால ஞாயிறு ஒன்றில் கல்முனை ஆலயத்தில் குரு நோன்பு என்று வாசிக்கும்போது, அதே சொல் சில நூறு யார் தொலைவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கேட்கிறது.

ஒருசந்தி அளவைச் சொல்கிறது, உபவாசம் அண்மையைச் சொல்கிறது, நோன்பு பொறுமையைச் சொல்கிறது. மூன்றிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அது கொடுத்தல். தவக்காலம் இன்று மெலிந்துபோனதற்கான காரணம் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பதே என் வாதம்.

3. விதி தளர்ந்த வரலாறு

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாட்களைப் பற்றிய குறிப்பு 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே வருகிறது. சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. தொடக்க நூற்றாண்டுகளில் மேற்குத் திருச்சபையிலும் தவக்கால உணவு நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் மாலைச் செபத்துக்குப் பின். கிறிஸ்தவர்களும் ஒருகாலத்தில் அந்தி சாயக் காத்திருந்தவர்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் எழுதும்போது உணவு வேளை பிற்பகல் மூன்று மணிக்கு வந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் நண்பகல் ஆயிற்று. இரவில் சிறு உணவு ஒன்றும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் கிறிஸ்தவர் ஒருசந்தி என்ற சொல்லைக் கையாளத் தொடங்கியபோது அது குறித்தது இந்தத் தளர்ந்த வடிவத்தையே.

இதனிடையே மறுப்பும் எழுந்தது. 1522இன் தவக்காலத்தில் சூரிச் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஒருவரின் வீட்டில் சிலர் இறைச்சிப் பண்டம் உண்டனர். சீர்திருத்தப் போதகரான சுவிங்கிளி அப்படி உண்டவர்களின் பக்கம் நின்று, மனிதர் விதித்த உணவு விலக்கு விசுவாசியைக் கட்டாது என்று போதித்தார். ஆயினும் சீர்திருத்த மரபு முழுவதும் உபவாசத்தைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. கிழக்கிலங்கைக்கு இது நேரடியாகவே பொருந்தும். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டே அங்கு இறந்தார். கல்முனையின் மெதடிஸ்த மரபு அந்த வேரிலிருந்து வந்தது. அதன் மூலவரான ஜோன் வெஸ்லியோ புதன், வெள்ளி நாட்களில் பிற்பகல் வரை உபவாசித்தவர், உபவாசத்தைப் பற்றி மலைப்பொழிவு வரிசையில் ஒரு முழுப் பிரசங்கமே எழுதியவர்.

கத்தோலிக்க ஒழுங்கில் பெரிய மாற்றம் 1966 பெப்ரவரியில் வந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட தவம் பற்றிய ஆணை, கட்டாய ஒருசந்தியைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாட்களுக்குக் குறைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இதை உறுதிசெய்தது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது வரை; சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. 1966 ஆணையின் நோக்கம் தவத்தை ஒழிப்பதல்ல. சட்டம் சுமந்த பாரத்தை மனச்சான்றின் தோளுக்கு மாற்றுவதும், வறிய நாடுகளின் விசுவாசிகளை மனத்தில் கொண்டு செபத்தையும் அறச்செயலையும் முன்னிறுத்துவதும்தான் அதன் நோக்கம்.

இந்த மாற்றத்தைப் பிழை என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. பாரத்தை இறக்கிவைத்தது சட்டம். இறக்கிவைத்ததை எடுத்துச் சுமக்காமல் விட்டது நாம்.

4. பசி எதற்கு? மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் அடக்கத்தைப் பேசுகிறது. வயிற்றைக் கட்டினால் மற்ற ஆசைகளும் கட்டுப்படும் என்பது பாலைவனத் துறவியர் மரபு. இதில் உண்மை உண்டு. ஆபத்தும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் பசிலியார், இறைச்சியை விலக்கிவிட்டுச் சகோதரனைக் கடித்து விழுங்குகிறவர்களைக் கடிந்துகொண்டார். பொய்யையும் தீச்செயலையும் விடாதவன் உணவை விடுவது இறைவனுக்குத் தேவையில்லை என்ற கருத்து நபிமொழியிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி நோன்பை மூன்று தரங்களாகப் பிரித்தபோது, உணவை மட்டும் விடுவதை அடித்தரத்திலேயே வைத்தார். அடக்கம் வாசல்தான், வீடு அல்ல என்பதில் இரு மரபுகளும் ஒத்திருக்கின்றன.

இரண்டாவது விளக்கம் ஏக்கத்தைப் பேசுகிறது. இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாட்கள் நோன்பிருந்து, மனிதர் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்ற பழைய மறைவாக்கை நினைவூட்டினார். வெற்று வயிறு இறைவனுக்கான இடம் என்ற எண்ணம் இங்கிருந்து வளர்கிறது. உபவாசம் என்ற சொல்லின் பொருளும் இதுவே. இன்றைய தவக்காலப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதும் இதுதான். ஆனால் அது பெரும்பாலும் உருவகமாகவே நின்றுவிடுகிறது. மூன்று வேளையும் உண்டுவிட்டு ஆண்டவருக்காகப் பசித்திருக்கிறேன் என்று பாடுவது எளிது. உடல் அறியாத ஒன்றை ஆன்மா அறிந்ததாகச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை இருப்பதில்லை.

மூன்றாவது விளக்கம் நீதியைப் பேசுகிறது. எசாயா நூலின் 58ஆம் அதிகாரம், பசித்தவனோடு உணவைப் பகிர்வதையும் நுகத்தை முறிப்பதையும் இறைவன் விரும்பும் நோன்பாக அறிவிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாவின் மேய்ப்பர் என்ற நூல் இதற்குக் கணக்கே சொல்கிறது. நோன்பு நாளில் நீ உண்ணாமல் விட்ட உணவின் விலையை மதிப்பிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு என்பது அதன் அறிவுரை. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல. ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் பசியைப் பொறுக்கும் தவத்தாரின் ஆற்றலைப் போற்றுகிறார். பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலை அதற்கும் மேலே வைக்கிறார்.

மூன்றாவது விளக்கமே மற்ற இரண்டையும் தாங்குகிறது. அடக்கம் மட்டும் இருந்தால் தற்பெருமையில் முடியலாம், ஏக்கம் மட்டும் இருந்தால் உணர்ச்சியில் கரையலாம். நான் விட்ட சோறு இன்னொருவரின் தட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டும் மெய்யாகின்றன.

5. இரண்டு கஞ்சிகள்

அம்பாறைக் கரையோரத்தில் றமழானின் பிற்பகலை மூக்கே சொல்லிவிடும். அஸர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் வளவில் பெரிய பாத்திரங்களில் கஞ்சி கொதிக்கும். பச்சரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, இரம்பை, வெந்தயம், எலும்போடு இறைச்சி. வாளியும் தூக்குச் சட்டியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். செலவை ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பமோ வியாபாரியோ ஏற்பதுண்டு. வசதியுள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அதே அகப்பை, அதே கஞ்சி. பெருநாளுக்கு முன் ஸகாத்துல் பித்ரும் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆளுக்கும் ஏறத்தாழ 2.5 கிலோ அரிசி என்று அளந்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பசித்திருத்தலும் கொடுத்தலும் இங்கே ஒரே நோன்பின் இரு கைகள்.

கிறிஸ்தவருக்கும் ஒரு கஞ்சி உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் பல ஊர்களில் பெரிய வெள்ளியன்று ஆலய வளவில் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறார்கள். நீண்ட வழிபாடு முடிந்து, வந்தவர் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பது அது. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு நாள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தவக்காலமும் றமழானும் கூடிய ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுப் பையன் மூடிய பாத்திரத்தோடு படலையில் நின்றான்.

“டீச்சர், உம்மா குடுத்துவிட்டா. இதில இறைச்சி போடல்ல. வெள்ளிக்கிழம நீங்க சாப்பிடமாட்டீங்க எண்டு வேறயா காய்ச்சின.”

ஆசிரியை என்னிடம் சொன்னது: “நாங்க சுத்தபோசனத்த மறந்த வருசங்களும் இருக்கு. அவ ஒரு வருசமும் மறக்கல்ல.”

இந்த ஒரு சட்டிக் கஞ்சியில் ஓர் இறையியல் கேள்வி அடங்கியிருக்கிறது. அதில் இறைச்சி இருந்திருந்தால் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஐந்தாம் நூற்றாண்டில் துறவியான காசியான் எகிப்தியத் துறவி ஒருவரைப் பற்றி எழுதுகிறார். விருந்தினர் வந்தபோதெல்லாம் அவர் தன் நோன்பைத் தளர்த்தி அவர்களோடு உண்டார். நோன்பு நம் விருப்பத்துக்குரியது, அன்போ கட்டளை என்பது அவர் சொன்ன நியாயம். வெள்ளிக்கிழமை விலக்கு இன்று கத்தோலிக்கருக்குச் சட்டமாகவே உள்ளதால் காசியானின் நியாயம் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தத் தாய் நம்மை அந்தச் சங்கடத்துக்கே விடவில்லை. தான் பசித்திருந்த வேளையில், அடுத்த வீட்டாரின் விரதத்தையும் நினைத்துத் தனிச் சட்டி வைத்தார். நீதியின் நோன்பு என்று எசாயா சொன்னதை ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியில் நான் கண்டுகொண்டது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் தவக்காலம் வருவது குளிர்காலத்தின் கடைசியில். களஞ்சியம் குறைந்திருக்கும் பருவம் அது. அம்பாறையில் அது பெரும்போக அறுவடையோடு வருகிறது. புது நெல் வீட்டுக்கு வரும் மாதங்களில் நாம் ஒருசந்தி இருக்கிறோம். இல்லாமையை நோன்பாக்கிக்கொள்ளும் வாய்ப்பு இங்கு விளைச்சல் உள்ள வீட்டுக்கு இல்லை. நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு விட்டுக்கொடுப்பதே இங்கு கேட்கப்படுவது. கொடுப்பதற்கும் இதைவிட நல்ல பருவம் இல்லை.

6. பசியின் வேறு முகங்கள்

இந்தக் கரையோரத்தில் பசியைப் பற்றி எழுதும்போது வரலாற்றின் காயங்களைத் தாண்டிப் போக முடியாது. இரு நோன்புகளும் சென்ற முறை கூடி வந்த 1990ஆம் ஆண்டின் ஜூனில் மீண்டும் போர் மூண்டது. கல்முனைப் பகுதித் தமிழர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். வேலிக்கு மேலால் கைமாறிய பாத்திரங்கள் பல ஊர்களில் நின்றுபோயின.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தவக்காலம் முடிந்த அந்தக் காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் குண்டுக்குப் பலியானார்கள். ஐந்து நாட்களின் பின், 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்தியவர்களின் உறவினர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். சிறுவர்கள் உட்படப் பதினைந்து பேர் அங்கே இறந்தார்கள். சந்தேகம் கொண்டு முதலில் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே. மே மாதத் தொடக்கத்தில் றமழான் பிறந்தபோது, இந்த ஊர்கள் தேடுதல்களுக்கும் சந்தேகப் பார்வைக்கும் நடுவில் நோன்பு பிடித்தன.

கிறிஸ்தவத்தின் மிகப் பழைய கைந்நூல்களில் ஒன்றான திதாக்கே, துன்புறுத்துவோருக்காக நோன்பிருக்கும்படி சொல்கிறது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்தைய தவக்காலங்களில் இதைவிடக் கடினமான அழைப்பு இல்லை. கொன்றவர்களுக்காக நோன்பிருக்கச் சொல்லும் ஒரு மரபு, கொலையில் பங்கில்லாத அயலவரைச் சந்தேகத்தோடு பார்க்க நமக்கு எந்த உரிமையும் தரவில்லை.

அதே ஆண்டு ஜூனில் கல்முனை வேறொரு பட்டினியையும் கண்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரிப் பௌத்த பிக்கு ஒருவரும் இந்துக் குருக்கள் ஒருவரும் மாநகர சபை உறுப்பினர் சிலரும் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். முஸ்லிம் தரப்பு எதிர்ச் சத்தியாக்கிரகம் நடத்தியது. கோரிக்கையின் நியாயம் இங்கு ஆராயப்படவில்லை. ஒரே நகரில் பசி, பாவத்துக்கு வருந்தும் செயலாகவும் உரிமை கேட்கும் கருவியாகவும் வழங்குவதைக் குறிப்பிடுகிறேன். தவக்காலப் பசி எதிராளியை நோக்கித் திருப்பப்படுவதில்லை. அதை ஏற்பவர் தன்னையே மாற்றும்படி வேண்டுகிறார்.

2022இன் தவக்காலம் இன்னொரு பசியோடு வந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பத்து மணிநேரத்துக்கும் மேலான மின்வெட்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9% ஆயிற்று. வேளை உணவை விட்டவர்கள் பலர் அதை நோன்பாக விடவில்லை. தானே தெரிந்தெடுக்கும் பசி, தெரிவே இல்லாத பசியின் பக்கத்தில் வந்து உட்காராவிட்டால், அதற்கு ஆன்மிகம் என்று பெயர் சொல்ல முடியாது.

7. எதிர்வாதங்கள்

மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, அயல் மரபோடு ஒப்பிடுவது போட்டியாகிவிடும் என்பது. யார் கடுமையாக நோன்பிருக்கிறார் என்று அளந்தால் அது போட்டிதான். நோன்பின் நோக்கம் இறையச்சம் என்றும், அது முன்னிருந்த சமூகங்களுக்கும் விதிக்கப்பட்டது என்றும் குர்ஆன் சொல்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் முஸ்லிம்களின் செபத்தையும் தானத்தையும் நோன்பையும் மதிப்போடு குறிப்பிட்டது. 2001 டிசம்பர் 14 அன்று, றமழானின் கடைசி நாட்களில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கரை அமைதிக்காக நோன்பிருக்க அழைத்தார். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கு முன்னுதாரணம் நம்மிடமே உண்டு.

இரண்டாவது, நோன்பைச் சமூகச் செயலாக்கினால் மறைவில் நோன்பிரு என்ற இயேசுவின் போதனை என்ன ஆகும் என்பது. மத்தேயு 6 கண்டிப்பது பிறர் பார்க்க வாடிய முகத்தை. அதே அதிகாரம் தருமத்தையும் செபத்தையும் நோன்பையும் ஒரே மூச்சில் பேசுகிறது. மறைவில் கொடுப்பதும் கொடுத்தலே.

மூன்றாவது, திருச்சபை ஏற்கெனவே கொடுக்கிறதே என்பது. உண்மைதான். கரித்தாஸ் இலங்கை ஆண்டுதோறும் தவக்கால நிதி திரட்டுகிறது. ஆனால் காணிக்கை உறையில் போடும் பணத்துக்கும் நான் உண்ணாமல் விட்ட வேளைக்கும் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. மிச்சத்திலிருந்து கொடுப்பது தருமம். தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் நோன்பு.

8. முடிவு

ஆன்மப் பசி உடலின் பசிக்கு மாற்றாக வைக்கும் உருவகம் அல்ல. உடல் தானாக ஏற்ற சிறு பசியின் வழியே பிறர் பசியை அறிந்து, அந்த அறிவில் இறைவனைத் தேடும் நிலையே அது. சட்டம் இரண்டு நாட்களைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. மீதி நாட்கள் நம் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

அதை நிறைவேற்றப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். நம் தாய்மாரிடம் பிடியரிசி என்ற பழக்கம் இருந்தது. உலையில் போடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்ப்பார்கள். தவக்கால வெள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு வேளையை விடுங்கள். அந்த வேளைக்குரிய அரிசியை, பிடியல்ல, முழு அளவாக அளந்து வையுங்கள். பெரிய வெள்ளிக்கு முன் அதை இல்லாத ஒரு வீட்டின் அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அது எந்தச் சமயத்தவரின் வீடு என்று கேட்காதீர்கள்.